விரிசலின் உட்புறம்

பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் பற்றி எழுதப் புகுவோர் அதன் இயந்திரத்தின் உறுதியையோ அது ஓடித் தீர்த்த தூரத்தையோ எடுத்துரைப்பது வழக்கம். நான் எழுத எண்ணியது எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் வண்டியின் இடப்புற முன் மட்காட்டில் இருந்த ஒரு விரிசலைப் பற்றியாகும். ஒன்றரைச் சாண் நீளம். தலைமயிர் அளவே அகலம். இவ்வளவு சிறியதொன்றைப் பற்றிச் சங்க மலரில் எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஆயினும், நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகத்திற் கற்றும் எனக்குப் புரியாதிருந்த ஒரு விடயத்தை அந்த விரிசலே எனக்குப் புரியவைத்தது. ஆதலால் எழுதுகின்றேன்.

மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய வண்டி. அதன் மட்காட்டுகள் உடலோடு ஒட்டவைக்கப்பட்டவை அல்ல, ஆணிகளால் முடுக்கப்பட்டவை. எனவே ஒன்று பழுதுபட்டால் அதனை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். எங்கள் ஊர் வலிகாமம் மேற்கில், கடலுக்கு அண்மையில் உள்ளது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊர். ஐயாவின் வண்டியில் முன்னிரண்டு மட்காட்டுகளும் 1979 ஆம் ஆண்டளவில் துருப்பிடித்து ஓட்டைவிழுந்துபோயின. அக்காலத்தில் காரைநகரிலே சீநோர் நிறுவனத்தார் நோர்வே நாட்டின் உதவியோடு கண்ணாடியிழைப் படகுகள் கட்டிவந்தனர். படகுத்தொழிலைக் கற்ற ஒருவர் அயலவர் வண்டியின் நல்ல மட்காட்டிலிருந்து அச்சு எடுத்து, படகு கட்டும் அதே பொருளினால் ஐயாவுக்கு இரண்டு மட்காட்டுகள் செய்து கொடுத்தார். கடலில் ஓடவேண்டிய பொருள் இவ்வாறு தெருவில் ஓடத் தொடங்கியது.

இதில் விந்தை ஒன்றுமில்லை. கண்ணாடியை இழையாக இழுத்துத் தொழிற்சாலை அளவில் உற்பத்தி செய்யும் முறை 1930களில் அமெரிக்காவில் உருவானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவ்விழையைப் பொலியெஸ்ரர் ரெசின் என்னும் பிசினோடு சேர்த்து விமானங்களின் ரேடார் மூடிகளைச் செய்தனர். போர் முடிந்தபின் அதே பொருள் படகுகளுக்கும் வண்டிகளுக்கும் வந்தது. 1953 இல் அமெரிக்காவில் வெளிவந்த செவர்லே கோர்வெற் வண்டியின் உடல் முழுவதும் கண்ணாடியிழையால் ஆனது; அந்த ஆண்டில் 300 வண்டிகளே செய்யப்பட்டன. போரிலே பிறந்த பொருள் எங்கள் முற்றத்திற்கு வந்து, இன்னொரு போரையும் கண்டது என்பதே நான் சொல்ல வருவதன் தொடக்கம்.

அந்த விரிசல் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அல்லது தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் மாலை வலிகாமத்து மக்கள் யாவரும் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். அப்போது எனக்கு ஒன்பது வயது. வண்டி மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. பெற்றோல் குடாநாட்டுக்கு வருவது தடுக்கப்பட்டிருந்தமையால், சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த இரவில் வண்டி ஓடியது என்று சொல்வதைவிட ஊர்ந்தது என்று சொல்வதே பொருந்தும். முன்னும் பின்னும் மனிதர். சைக்கிள்கள், மாட்டுவண்டிகள், உழவு இயந்திரங்கள். மழையும் பெய்தது. நாவற்குழிப் பாலத்தை அணுகுமுன் ஏதோ ஒரு வண்டியின் அச்சு எங்கள் மட்காட்டில் இடித்தது. நான் அம்மாவின் மடியில் உறங்கியும் விழித்தும் கிடந்தேன். இடித்த ஒலி மட்டும் நினைவில் உண்டு. இரும்பு நெளியும் ஒலி அன்று; காய்ந்த பனைமட்டை முறிவது போன்ற ஒலி.

பின்னர் நாங்கள் கொடிகாமத்தில் ஒரு கொட்டிலில் ஐந்து மாதம் இருந்தோம். 1996 ஏப்ரலில் ஊர் திரும்பினோம். 1998 இல் அம்மா நோயுற்று இறந்தார். ஐயா ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். வண்டி ஓடிற்று. விரிசல் இருந்தது. இவ்வளவே எங்கள் வீட்டில் பேசப்பட்ட வரலாறு.

2012 ஆவணி மாதத்தில் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பெண்ணை அவ்வண்டியிலேயே கோயிலுக்கு அழைத்துச் செல்வது என்று தங்கை பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். நான் அப்போது சிறப்புக்கலை இறுதியாண்டு மாணவன். முந்திய ஆண்டு விடுமுறையிலேயே வண்டிக்கு நிறம் பூச ஏற்பாடு செய்திருந்தேன். ஐயாவுக்கு அதில் விருப்பமில்லை. "கிடக்கட்டும் விடு. ஓடுற வண்டிக்கு ஏன் உது?" என்றார். அது பணத்தைப் பற்றிய தயக்கம் என்றே நான் கருதினேன். பட்டணத்துக் கராஜ் ஒன்றில் வண்டியை விட்டேன். அவர்கள் மட்காட்டைக் கழற்றவில்லை. விரிசலின்மேல் உரஞ்சி, கராஜ்களில் பேஸ்ற் என்று சொல்லும் நிரப்புக்களியை அப்பி, தேய்த்து மட்டமாக்கி, மூன்று நாளில் நிறம் பூசித் தந்தனர். விரிசல் இருந்த இடம் எதுவென்று விரலால் தடவியும் அறிய முடியவில்லை. நான் மகிழ்ந்தேன். ஐயா ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மார்கழி மழை முடியுமுன் விரிசல் திரும்பி வந்துவிட்டது. முதலில் ஒரு கோடு. பிறகு அக்கோட்டின் இரு கரைகளிலும் நிறம் சிறிது புடைத்தது. பின்னர் செதில் செதிலாக உதிர்ந்தது. முன்னர் இருந்ததைவிட இப்போது அது அவலட்சணமாகத் தெரிந்தது. பழைய மங்கிய நிறத்தில் அது வண்டியின் ஓர் அங்கமாக இருந்தது. புதிய நிறத்திலோ குற்றமாகத் தெரிந்தது.

சித்திரை விடுமுறையில், காரைநகர்ப் பக்கத்தில் கடலோரமாகப் படகு திருத்தும் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்; ஓலைக் கொட்டிலின் கீழ் கவிழ்த்துவைத்த படகுகளுக்கு நடுவே வேலை செய்பவர். அவர் விரிசலைப் பார்க்கவில்லை. நேரே நிலத்தில் மல்லாந்து படுத்து, தலையைச் சில்லுக்கு மேலே நுழைத்து, மட்காட்டின் உட்புறத்தைப் பார்த்தார். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, "தம்பி, உது வெளியாலை பூசிற வேலையில்லை. காயம் உள்ளாலை கிடக்கு. கழட்டவேணும்" என்றார்.

அவர் சொன்ன காரணம் எளியது. கண்ணாடியிழைப் பொருளில் இரண்டு உண்டு: இழையும் பிசினும். இழுவையைத் தாங்குவது இழை. பிசின் இழைகளை அவற்றின் இடத்தில் பிடித்துவைத்திருப்பது. தனியே நின்றால் அது சீனிப்பாகு இறுகியது போல் முறிந்துபோகும். சீமெந்துக்குள் கம்பி இருப்பது போன்றது இது. விரிசல் என்பது இழை அறுந்த இடம். அங்கே களியை அப்பினால் இடைவெளி நிரம்பும். அறுந்த இழை சேராது. தெருவின் ஒவ்வொரு குழியிலும் விரிசலின் இரு உதடுகளும் அசையும். களிக்குள் இழை இல்லை. ஆகவே அது முதலில் வெடிக்கும். அதன்மேல் உள்ள நிறமோ ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு அளவே. அதனால் எதைத் தாங்க முடியும்? "பெயின்ற் ஒண்டையும் பிடிச்சு வைக்காது தம்பி. அது காட்டிக்குடுக்கிற சாமான்" என்றார் அவர்.

விரிசல்களை அவர் வகைப்படுத்தியும் காட்டினார். ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் நட்சத்திரம் போல் பரந்தால், பெரும்பாலும் உள்ளேயிருந்து சில்லு எறிந்த கல் பட்டது. வளைவான இடத்தில் ஒன்றுக்கொன்று இணையாகச் சிறு கோடுகள் ஓடினால், அவ்விடம் மெலிந்து நெளிகின்றது என்று பொருள். அங்கே உள்ளே தடிப்பு ஏற்றாமல் எதைச் செய்தும் பயனில்லை. இவ்விரண்டும் சிலவேளை மேற்பூச்சோடு நின்றுவிடும். ஆனால் ஒரே கோடாக ஓடி, ஒரு பக்கத்தை அமர்த்தினால் மறுபக்கம் எழும்புமாயின், அது முழுத் தடிப்பும் முறிந்த முறிவு. எங்களது மூன்றாம் வகை.

மட்காட்டு ஆணிகள் துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டுக் கழற்றினோம். ஐயாவும் மறுநாள் வந்திருந்தார். நான் அழைக்கவில்லை, காலையில் சேட்டை மாட்டிக்கொண்டு, "நானும் வாறன்" என்றார். மட்காட்டைக் கவிழ்த்து மணலில் வைத்தோம். உட்புறம் முழுவதும் தார் பூசப்பட்டிருந்தது. படகுக்கார அண்ணை தட்டையான இரும்பினால் தாரைச் சுரண்டத் தொடங்கினார். விரிசலின் நேர்ப்பின்னே தார் பாளமாகக் கழன்றபோது அதன் அடியில் வெண்ணிறக் கண்ணாடிப் பாய் தெரியவில்லை. சேலை தெரிந்தது.

ஆம், சேலை. பருத்திச் சேலை. கத்தரிப்பூ நிறத்தில் சிறு கட்டங்கள். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்தில் மஞ்சட் கரை. பிசின் ஊறி இறுகியிருந்தமையால் துணி தன் மென்மையை இழந்திருந்தது; நிறத்தை இழக்கவில்லை. தாருக்கு அடியில் வெயில் படாமல் இருந்ததே அதற்குக் காரணமாகலாம். அம்மா அதை உடுத்தியிருந்தது எனக்கு நினைவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் உள்ள ஒரேயொரு குடும்பப் புகைப்படத்தில் அக்கரை உண்டு. கறுப்பு வெள்ளைப் படம் ஆதலால் அதன் நிறத்தை நான் அன்றே முதன்முதலாகக் கண்டேன்.

படகுக்கார அண்ணை வேலையை நிறுத்திவிட்டு ஐயாவைப் பார்த்தார். "மாஸ்ரர், ஆர் இது செய்தது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் ஐயா.

பதினாறு ஆண்டுகள் சொல்லாதவற்றை அவர் அந்த மணலில் நின்று அரைமணி நேரத்திற் சொன்னார். கொடிகாமத்தில் இருந்தபோது மழையில் மட்காட்டின் முறிந்த துண்டு கழன்று தொங்கத் தொடங்கியது. அம்மாவுக்கு அப்போதே உடல்நிலை சரியில்லை; இரண்டு நாளைக்கு ஒருமுறை வைத்தியரிடம் கொண்டுபோக வண்டி வேண்டும். மட்காட்டு கழன்று சில்லில் சிக்கினால் வண்டி நின்றுவிடும். அதே பகுதியில் இடம்பெயர்ந்து வந்திருந்த படகுத் தொழிலாளி ஒருவரிடம் ஒரு பேணி ரெசின் இருந்தது. கண்ணாடிப் பாய் இல்லை. தடை விதிக்கப்பட்ட காலத்தில் அதை எங்கே வாங்குவது? சாக்கு தடிப்பு; ரெசினை முழுவதும் குடித்துவிடும் என்று அவர் சொன்னார். மெல்லிய துணி வேண்டும் என்றார். கொட்டிலில் இருந்த துணிகள் எல்லாம் உடுத்தவை, மாற்றவை. அம்மா தான் கொண்டுவந்திருந்த இரண்டு சேலைகளில் ஒன்றை எடுத்து, தானே பல்லால் கரையைக் கடித்துக் கிழித்துக் கொடுத்தாராம். "இதாலை வண்டி நிக்காதெண்டால் கிழியுங்கோ" என்றாராம்.

ஐயா அதற்குமேற் பேசவில்லை. நானும் பேசவில்லை. "கிடக்கட்டும் விடு" என்று அவர் முந்திய ஆண்டு சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனிதரைப் பிழையாக விளங்கிக்கொள்வதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. ஒரே வீட்டில் இருந்தாற் போதும்.

இப்போது செய்வது என்ன என்ற கேள்வி எழுந்தது. அச்சேலையை விட்டுவைத்து அதன்மேற் புதிய பாயைப் போடலாமா என்று கேட்டேன். அண்ணை தலையை அசைத்தார். பருத்தி நீரை உறிஞ்சும். விளிம்பில் சிறிது பிசின் விட்டுப்போனாலும் ஈரம் திரிபோல உள்ளே ஏறும். மேலும் அன்று அடியை உரஞ்சாமல், துடைத்துவிட்டு மட்டும் துணியை ஒட்டியிருக்கின்றார்கள். உரஞ்ச அவர்களிடம் என்ன இருந்தது? அதனால் துணி பிடியற்று நிற்கின்றது. பிடியற்ற ஒன்றின்மேல் எதைக் கட்டினாலும் அதுவும் பிடியற்றதே. இவ்வளவையும் அவர் மெதுவாகவே சொன்னார். பின்னர் ஒரு ரூபாய்க் குற்றியை எடுத்து, துணியின்மேல் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு வந்தார். பற்றியிருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும். விட்டுப்போன இடம் மண்பானையில் வெடிப்பு விழுந்தது போல் மந்தமாக ஒலிக்கும். விரிசலின் இருபுறமும் மந்தம். ஆனால் மட்காட்டின் மேல்விளிம்பில், ஆணித்துளைகளின் அருகே, மஞ்சட் கரையின் ஒரு துண்டு ஆறங்குல நீளத்துக்குக் கணீரென்றது. அண்ணை இரண்டாம் முறையும் தட்டிப் பார்த்தார். "இது விடாது. இது நிக்கட்டும்" என்று சொல்லி அதைச் சுற்றிப் பென்சிலாற் கோடிட்டார்.

எஞ்சியதை நீக்கும் வேலையை ஐயாவே செய்தார். நான் செய்ய முன்வந்தபோது கையால் தடுத்தார். உளியைத் துணியின் அடியில் நுழைத்து எழுப்ப, அது கிழியாமல் தகடாகவே கழன்று வந்தது. அதை அவர் மடக்கவும் முடியாது; ஒரு பத்திரிகைத் தாளிற் சுற்றி வண்டியின் பின்னிருக்கையில் வைத்தார்.

பிறகு நடந்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில் அதன் ஒழுங்கிலேயே எனக்குப் பாடம் இருந்தது. முதலில் மட்காட்டைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் உலரவிட்டோம். ஈரம் உள்ளிருந்தால் பின்னர் நிறத்தில் கொப்புளமாக எழும். அடுத்து விரிசல் எங்கே முடிகின்றது என்று பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியும் முடிவு உண்மையான முடிவு அன்று. பேனை மையைத் தடவி உடனே துடைத்தபோது, மேற்பரப்பில் மை போயிற்று; விரிசலுக்குள் நின்றது. நாங்கள் கண்டதைவிட ஓர் அங்குலம் அப்பால் அது சென்றிருந்தது. அந்த இரு முனைகளிலும் சிறு துளை இட்டார் அண்ணை. கூர்முனையில் குவியும் விசை வட்டத் துளையைச் சுற்றிப் பரவிவிடும். விரிசல் மேலும் ஓடாது.

பின்னர் உட்புறத்தை உரஞ்சினோம். விரிசலின் இருபுறமும் இரண்டு அங்குலம் அகலத்துக்கு, நடுவில் ஆழமாகவும் ஓரத்தை நோக்கிச் சிறிது சிறிதாக மேலேறும்படியும் சரிவாக உரஞ்சவேண்டும். புதிய பாய் பழைய இழைகளை எவ்வளவு அகலத்துக்குத் தொடுகின்றதோ அவ்வளவே அதன் பலம். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொன்னார். கண்ணாடித் தூசி நெஞ்சுக்கு ஆகாது. தோலில் பட்டால் மயிர்க்கொட்டி ஊர்ந்தது போல் அரிக்கும். வெந்நீரில் கழுவாமல் தண்ணீரிலேயே கழுவவேண்டும் என்பதை அரித்தபின்னரே கற்றேன். மண்ணெண்ணெயும் தாரும் ஒட்டியிருந்த இடத்தை நன்றாக உரஞ்சி, அசற்றோனில் நனைத்த துணியாற் துடைத்தபின் எவரும் அவ்விடத்தில் விரல் வைக்கக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையே போதும், பிடி விட்டுப்போக.

வெளிப்புறத்தில் இரு உதடுகளையும் மட்டமாகச் சேர்த்து, பிளாஸ்ரிக் தாள் வைத்து, அதன்மேல் தகரத் துண்டைக் கட்டி உருவம் மாறாமற் பிடித்தோம். ரெசினைக் கலக்குவதில் அண்ணை மிகவும் கண்டிப்பானவர். நூறு கிராம் ரெசினுக்கு எங்கள் வெயிலில் இறுக்கி ஒரு கிராம் அளவே போதும்; கூடினால் விரைவில் இறுகும், ஆனால் தன் சூட்டிலேயே வெடிக்கும். இறுக்கியையும் கோபால்ற் என்னும் ஊக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒருபோதும் சேர்க்கக்கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். ரெசினில் ஒன்றை முதலில் நன்கு கலந்தபின்னரே மற்றதை விடவேண்டும். கலந்தபின் கால் மணி நேரத்துக்குள் வேலை முடியவேண்டும். மூன்று பாய்த் துண்டுகள்: முதலில் அகன்றது, அதன்மேல் ஒடுங்கியது, அதன்மேல் இன்னும் ஒடுங்கியது. தூரிகையால் இழுப்பதில்லை, குத்திக் குத்தி நனைப்பது. வெண்மையான பாய் ரெசினைக் குடிக்கக் குடிக்கக் கண்ணாடிபோல் தெளியும். வெண்மை எங்கே நின்றதோ அங்கே காற்று நிற்கின்றது. காற்று நின்ற இடம் நாளைய விரிசல். உருளையால் அமர்த்தி அமர்த்திக் காற்றை வெளியேற்றினார். அப்போது அந்த மஞ்சட் கரையும் நனைந்து, புதிய பாயின் ஓரத்துக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது.

மறுநாள் வெளிப்புற வேலை. விரிசலை வாய் அகன்ற சால்போல் திறந்து, நறுக்கிய இழை கலந்த ரெசினால் நிரப்பி, அதன்மேல் மட்டுமே மெல்லிய களி. முந்திய கராஜில் முதலும் முடிவுமாக இருந்த அதே களி இங்கே கடைசியாக, நகத்தின் தடிப்புக்கு வந்தது. களியின் மேற் குற்றமில்லை. அதற்குரிய இடம் அது. பிறகு ஒரு வாரம் எதுவும் செய்யவேண்டாம் என்றார். ரெசின் இறுகியபின்னரும் சில நாள் மெல்லச் சுருங்கும். அவசரப்பட்டுப் பூசினால் அந்தச் சுருக்கம் நிறத்தில் பள்ளமாகத் தெரியும். திருமணத்துக்கு நாள் இருந்தது. காத்திருந்தோம். அதன்பின் மரக்கட்டையிற் சுற்றிய தாளினால், 80 இலிருந்து 180 க்கும், பின்னர் 320 க்கும் ஏறித் தேய்த்தோம். வெறும் விரலால் தேய்த்தால் விரலின் அலை மேற்பரப்பில் விழும். அடிப்பூச்சின்மேல் கறுப்பு நிறத்தை மென்தூவலாக விட்டு மறுபடியும் தேய்த்தபோது, பள்ளங்களில் மட்டும் கறுப்பு எஞ்சியது. குறையை மறைக்க அல்ல, காட்டிக்கொடுக்கவே ஒரு பூச்சு உண்டு என்பதை அன்று கண்டேன். கறுப்பு எங்கும் எஞ்சாத வரையில் நிறம் பூசவில்லை.

அந்த ஒரு வாரக் காத்திருப்பில் நான் என் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். இடப்பெயர்வுக் காலத்துத் தமிழ் எழுத்துக்கள் பற்றியது அது. 1995 ஆம் ஆண்டைப் பற்றிய அத்தியாயம் எழுதி முடித்திருந்தேன். விரிவுரையாளர் ஒருவர் அதன் நடையைப் பாராட்டியுமிருந்தார். நூல்களிலும் சஞ்சிகைகளிலும் கிடைத்தவற்றைத் தொகுத்து, கிடைக்காத இடங்களை "மக்கள் சொல்லொணாத் துயருற்றனர்" என்பது போன்ற வாக்கியங்களால் மட்டமாக நிரவியிருந்தேன். விரலால் தடவினால் விரிசல் தெரியாது. ஆனால் அதனை எழுதிய காலமெல்லாம் அந்த இரவில் வண்டியை ஓட்டிய மனிதர் அடுத்த அறையில் இருந்தார். அவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லொணாத் துயர் என்று எழுதியது உண்மையில் நான் கேட்காத துயர்.

எங்கள் துறையில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர், செல்லரித்த இடத்தில் தம் கவித்துவத்தால் ஓர் அடியைப் புனைந்து நிரப்பும் ஆற்றல் உடையவர்களே. ஆயினும் சிறந்த பதிப்பாசிரியர் அவ்விடத்தைப் புள்ளியிட்டுக் காட்டினர். வேறோர் ஏடு கிடைக்கும் வரை காத்திருந்தனர். அதனை நான் பரீட்சைக்காக மனனம் செய்திருந்தேன். ஒரு படகுக் கொட்டிலுக்குப் போகும்வரை அதன் பொருள் எனக்கு எட்டவில்லை.

அத்தியாயத்தை முழுவதும் கிழிக்கவில்லை. தட்டிப் பார்த்தேன் என்று சொல்லலாம். ஆதாரத்தோடு பற்றி நின்றவற்றை வைத்துக்கொண்டேன்; அழகுக்காக நின்றவற்றை நீக்கினேன். ஐயாவிடமும், அயலில் உள்ள ஏழெட்டு முதியவர்களிடமும் சென்று கேட்டு எழுதினேன். சிலர் பேசினர், சிலர் தேநீர் தந்து அனுப்பிவிட்டனர். பேசாதவர் பேசவில்லை என்றே எழுதினேன். ஆய்வேடு பிந்தியது, புள்ளிகளிலும் சில குறைந்திருக்கலாம். அதற்காக வருந்தவில்லை.

பின்னாளில் நூலகத்தில் வேறொன்றைத் தேடுகையில் ஒரு செய்தியைப் படித்தேன். கிழக்கு ஜேர்மனியில் 1957 தொடக்கம் செய்யப்பட்ட திரபன்ற் என்னும் சிறு வண்டியின் வெளியுடல், இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், பருத்திக் கழிவு இழையைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்யப்பட்டதாம். அவ்வாறு முப்பது இலட்சம் வண்டிகள் ஓடின. ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். "அப்ப நானும் கொம்மாவும் செய்தது பிழையில்லை" என்றார். பிழையில்லைத்தான். அவர்கள் பெரும் அழுத்தத்திலும் சூட்டிலும் செய்தார்கள். இவர்கள் ஒழுகும் கொட்டிலில், கைவிளக்கின் ஒளியில் செய்தார்கள். அந்த ஒட்டு வண்டியை ஓடவைத்தது. அதற்காகவே அது போடப்பட்டது. காலம் கடந்தபின் அதனை எடுப்பது அதனை இழிவுபடுத்துவதாகாது.

திருமண நாளில் தங்கை அவ்வண்டியிற் சென்றாள். ஏறுமுன் அவளிடம் ஐயா பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்த தகட்டை எடுத்துக் காட்டினார். அவளுக்கு அம்மாவின் முகமே நினைவில்லை. அம்மா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. அவள் அதைக் கையில் வாங்கி நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒளிப்படம் எடுக்க வந்தவர் அவசரப்படுத்தினார். அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டே கோயில் வரை சென்றாள். இப்போது அது அவளிடம் இருக்கின்றது.

விரிசல் பின்னர் வரவில்லை. ஐயாவுக்கு இன்று எண்பது கடந்துவிட்டது, வண்டி ஓட்டுவதில்லை. நான் விடுமுறைக்கு ஊர் சென்றால் மாலையில் அதை வெளியில் எடுத்துத் தெருமுனை வரை ஓட்டி வருவேன். திரும்பி முற்றத்தில் நிறுத்தியதும் அவர் கைத்தடியை ஊன்றி வந்து, மட்காட்டின் மேல்விளிம்பில், எந்த இடம் என்று அவருக்குத் தெரியும், விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். ஒலியைக் கேட்டபின் உள்ளே போவார்.